பிழை எண் நான்கு

அக்டோபர் 21, செவ்வாய்

உறுதியான செய்தி: ‘வெண்கரை’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் மூன்றாம் பகுதியில், கருவூல வாசலில் நிற்கும் காவலாளியின் துப்பாக்கியில் போல்ட் இடப்பக்கம் இருக்கிறது. ஆதாரம்: திரைப்படங்களிலும் அனிமேஷன் தொடர்களிலும் வரும் நிஜத் துப்பாக்கிகளை அடையாளம் கண்டு பட்டியல் போடும் ரசிகர்களின் இணையப் பக்கம். காலையில் பார்த்தபோது இது இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ‘பிழைகள்’ என்ற தலைப்பின் கீழ் நான்காவதாகச் சேர்ந்திருந்தது. சேர்த்தவர் ஜப்பானின் ஓசாகா நகரத்து ரசிகர் ஒருவர்.

போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அதன் கைப்பிடி பழைய ராணுவ ரைஃபிள்களில் வலப்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓசாகாக்காரர் சொல்வது சரி.

அந்தப் பக்கத்தில் இதுவரை உள்ளவை: துறைமுகத் தலைவரின் இடுப்பில் வெப்லி ரிவால்வர். கோட்டை மதிலில் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கி. கொள்ளையர்களிடம் பழைய ஜப்பானிய அரிசாகா ரைஃபிள்கள். கருவூலக் காவலாளியிடம் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். வெண்கரை என்பது வரைபடத்தில் இல்லாத ஒரு கற்பனைத் துறைமுகம். துப்பாக்கிகள் மட்டும் நிஜம். கதையில் வரும் கொள்ளையர்களைப் பற்றி அந்த ரசிகர்கள் ஒரு வரி எழுதவில்லை. திருகாணி வரைக்கும் துப்பாக்கியைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

என் மகள் காந்திமதி இந்தத் தொடரில் வேலை செய்கிறாள். டோக்கியோவில் மூன்றாவது வருஷம். பொருட்களை வரையும் குழு அவளுடையது. கோப்பை, விளக்கு, பூட்டு, துப்பாக்கி. மனிதர்களை வரைய வேறு குழு.

நேற்று தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மூன்றாம் பகுதியை இரண்டு தடவை பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. சாப்பிடத் தோன்றவில்லை, எறும்பு வராமல் தூக்கு வாளியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

மழை. மாடிக் குழாயின் வால்வு ஒழுகுகிறது. துப்பாக்கி பற்றிய விவரம் நாளை.

அக்டோபர் 23, வியாழன்

ரசிகர்கள் பக்கத்தில் மூன்று விஷயங்கள் பேசப்படுகின்றன.

ஒன்று, துப்பாக்கியின் வாரை ஒரு சின்னச் சங்கிலி காவலாளியின் இடுப்பு பெல்ட்டோடு பிணைத்திருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அலங்காரம் என்கிறார் ஒருவர். கைதி என்பதன் குறியீடு என்கிறார் இன்னொருவர்.

இரண்டு, பத்துத் தோட்டா கொள்ளும் ரைஃபிளில் காவலாளி ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூடுவது. இது பிழை எண் மூன்று.

மூன்றாவது, போல்ட்.

முதல் இரண்டும் பிழை இல்லை. எங்கள் ஊர் ஆயுதப்படையில் காவலுக்கு நிற்பவர்கள் வைத்திருந்தது லீ-என்ஃபீல்டு மாதிரியே இருக்கும் மஸ்கட். தோட்டாக்களை நிரப்பும் மேகஸினுக்குள் மரக்கட்டை அடைத்திருப்பார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டாதான். கூட்டத்தில் எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று சிலர் அதைச் சங்கிலி போட்டு இடுப்போடு மாட்டிக்கொள்வார்கள். டோக்கியோவில் உட்கார்ந்து இதை வரைந்த ஆளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நான்தான் சொன்னேன். சின்ன வயதில் காந்தி சாப்பிட மாட்டாள், கதை சொல்லித்தான் ஊட்டுவேன். ஒரு வாய்க்கு ஒரு தோட்டா என்று கணக்கு. மரக்கட்டையும் சங்கிலியும் அந்தக் கதையில் வரும். போல்ட் எந்தப் பக்கம் என்று நான் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

இதையும் எழுதி வைக்கிறேன். அந்தக் காவலாளி பெண். இடக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

அக்டோபர் 26, ஞாயிறு

காந்தி பேசினாள்.

“மூணாவது பாத்தீங்களாப்பா?”

“பாத்தேன்.”

“எப்படி இருந்திச்சு?”

“மஸ்கட் சரியா வந்திருக்கு.”

“மஸ்கட் மட்டுமா?”

“சங்கிலியும்.”

பிறகு அவள் வீட்டுக் குக்கர் பாடியது. அங்கே சோறு வெந்தால் குக்கர் பாட்டுப் பாடுமாம். “சரிப்பா, வைக்கட்டா?” என்றாள். வைத்துவிட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

நான்காம் பகுதி. காவலாளி வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

முறையாக எழுதி வைப்பது நல்லது.

கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. 1996 ஜூன், முதல் பக்கம். மாவட்டக் கருவூலக் காவலுக்குப் பெண் காவலர்களை நிறுத்திய செய்தி. செய்தி நிருபராக நான் எழுதியது. படம் எங்கள் புகைப்படக்காரர் பாக்கியநாதன் எடுத்தது. படத்தில் நிற்பவள் ஆயுதப்படைக் காவலர் ஆவுடைச்செல்வி. இரண்டு வருஷம் கழித்து நாங்கள் திருமணம் செய்துகொண்டோம். காந்திக்கு மூன்று வயதானபோது ஆவுடை மூளைக்காய்ச்சலில் இறந்தாள்.

பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் உள்ள முகம் பக்கத்தின் உள்பக்கம் பார்க்க வேண்டும்; வெளியே பார்த்தால் படிப்பவர் கண்ணும் வெளியே போய்விடும் என்பார்கள். ஆவுடை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் கட்டியவர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். வலப்பக்கத்து போல்ட் இடப்பக்கம் போனது. வலக்கை இடக்கை ஆனது. வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குப் போனது.

பேப்பர் வந்த அன்று காலை ஏழு மணிக்கு ஆயுதப்படையிலிருந்து போன். ஆயுதங்களைப் பழுது பார்க்கும் சுடலைமுத்து.

“யாருவே அது பேப்பர்காரரு? எங்க மஸ்கட்டுக்கு எங்களுக்கே தெரியாம போல்ட்ட மாத்திட்டீரே!”

மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் வெளியானது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஆவுடைக்கு வேறு படங்களும் இருந்தன. கல்யாண ஆல்பம், குழந்தையோடு எடுத்தவை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. இரும்புப் பெட்டியில் இருந்த எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது நிறம் மட்டும்தான் மிச்சம். பத்திரிகைத் துண்டு சுவரில் உயரமாக மாட்டியிருந்ததால் பிழைத்தது. ஆனால் வெள்ளத்துக்கு முன்னாலும் காந்தி பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஆல்பம் பெட்டியில் இருந்தது. இது சுவரில் இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

காந்தி பேசினாள். முதலில் மழையைப் பற்றிக் கேட்டாள். வால்வைப் பற்றிக் கேட்டாள். பிறகு:

“அப்பா, ஒண்ணு கேக்கணும். ரிப்போர்ட்டரா பதில் சொல்லுங்க. அப்பாவா சொல்லாதீங்க.”

“கேளு.”

“அம்மா இடக்கைதானே?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள். மூன்றாம் பகுதியில் வந்த காவலாளி பெயரில்லாத சின்னப் பாத்திரம். அதனால் முகத்தையும் இவளே வரையட்டும் என்று விட்டார்களாம். கடைசிப் பகுதியில், பன்னிரண்டாவதில், அவள் மறுபடி வருகிறாள். கருவூலம் கொள்ளை போகாமல் காப்பது அவள்தான். ஓர் இடத்தில் திரை முழுக்க அவள் முகம்.

“ரசிகர்க பக்கத்துல பிழைன்னு போட்டுட்டாங்க. டைரக்டர் பாத்துட்டாரு. கடைசிப் பகுதிக்குச் சரி பண்ணிரணும்னு சொல்லுதாரு. மஸ்கட்ட மட்டும் மாத்துனா கை, தோள், நிக்குத நிலை எல்லாம் மாறும், அதுக்கு நேரம் இல்ல. படத்தையே திருப்பிருவோம்ங்காரு. துப்பாக்கி சரியாயிரும்.”

“ம்.”

“மூஞ்சியும் திரும்பிரும்லாப்பா.”

“ம்.”

“அம்மா இடக்கைன்னா நான் விட மாட்டேன். அவங்களுக்குன்னே செஞ்ச துப்பாக்கி, பிழை கிடையாதுன்னு ஒத்தக்கால்ல நிப்பேன். ஆனா தெரிஞ்சுக்கிடணும். சொல்லுங்க.”

“உறுதிப்படுத்திட்டுச் சொல்லுதேன்.”

“அம்மாவுக்குமா ரெண்டு ஆதாரம் வேணும்?”

சிரித்தாள். இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்றாள்.

இரண்டு இடத்தில் கேட்காமல் எதையும் சொல்வதில்லை என்பது பழைய வழக்கம். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

இரண்டாம் வகுப்பில் காந்தி கொஞ்ச நாள் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து கோணல் மாணலாகப் போயிற்று. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றாள். இன்றைக்கு இது ஞாபகம் வந்தது.

நவம்பர் 3, திங்கள்

ஐந்தாம் பகுதி. ஒரு கிராமஃபோனும் ஒரு மௌசர் பிஸ்டலும். காவலாளி இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பெருமாள்புரத்துக்குப் போய் சுடலைமுத்துவைப் பார்த்தேன். பணியிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. முழங்கால் மடங்கவில்லை, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“வாரும்வே திருத்தம்! உசிரோட இருக்கீரா?”

அந்த 1996 திருத்தத்திலிருந்து என்னை இப்படித்தான் கூப்பிடுகிறார். கல்யாணத்துக்கு வந்தபோதும் பரிசுப் பொட்டலத்தில் ‘மணமகன் திருத்தம்’ என்று எழுதியிருந்தார்.

செல்போனில் காட்சியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“மஸ்கட் நம்ம கிடங்குல இருந்ததேதான். வாருல பாரும், அந்த ரெண்டாவது கொக்கி. யாருவே வரஞ்சது?”

“காந்தி.”

“நம்ம காந்தியா?” இன்னும் கொஞ்சம் பார்த்தார். “போல்ட் மறுபடியும் இடது பக்கமா! இருவத்தொம்பது வருஷம் கழிச்சு அதே சோலி. குடும்பத் தொழிலாவே இது?”

“ஆவுடை எந்தத் தோள்ல வைப்பா?”

என்னையே பார்த்தார். “கூட இருந்தவரு நீரு. எங்கிட்ட வந்து கேக்கீரு.”

“ரெண்டாவது ஆதாரம்.”

“வலது தோள். சத்தியமா வலது. அவ சுட்ட குறிப்பலகைய நானே கழட்டியிருக்கேன். போதுமா? ஆனா தோசையத் திருப்புனது எந்தக் கைன்னு நீர்தான் சொல்லணும். அங்கன நான் காவலுக்கு நிக்கலை.”

அவர் மருமகள் உள்ளே சிரித்தது கேட்டது. காபி வந்தது. குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தோசை திருப்பியதும் வலக்கையாகத்தான் இருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

பாக்கியநாதன் வீட்டுக்குப் போனேன். பாளையங்கோட்டை மேட்டுப் பகுதி. வெள்ளம் அங்கே ஏறவில்லை. ஆவுடை படத்தின் நெகட்டிவ் பிலிமைக் கேட்டேன்.

“தொண்ணூத்தாறு ஜூனா?” என்றார். “பிஸ்கட் டப்பாவுல கெடக்கும். வருஷத்துக்கு ஒரு டப்பா. ஆனா எந்த டப்பா எந்த வருஷம்னு எழுதின சீட்டையெல்லாம் கரையான் தின்னுட்டு.”

“தேடணும் பாக்கியம்.”

“தேடுதேன்வே. இப்ப எதுக்கு திடீர்னு?”

சொன்னேன். டைரக்டர், கடைசிப் பகுதி, முகத்தைத் திருப்புவது எல்லாம். அவர் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னார்.

“என் படத்தத் திருப்பிப் போட்டவன அன்னைக்கு அடிக்கப் போனேன், ஞாபகம் இருக்கா? இப்ப நெனச்சா அவனுக்கு மால போடணும். அவன் ஒழுங்காப் போட்டிருந்தா நீர் மன்னிப்புக் கேக்க ஆயுதப்படைக்குப் போயிருப்பீரா? ஆவுடை ஏது? காந்தி ஏது? இங்கன ஒக்காந்து எங்கிட்ட நெகட்டிவ் கேக்க நீர்தான் ஏது?”

“நான் இருந்திருப்பேன்.”

“இருந்திருப்பீரு. ஒவ்வொரு பேப்பரா தப்பு கண்டுபிடிச்சிக்கிட்டு.”

மழை விட்டதும் டப்பாக்களை இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 8, சனி

மழை விடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காந்தி பேசினாள். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கே இலைகள் சிவந்துவிட்டனவாம். நிறுவனத்துக்கு எதிரே ஒரு மரம் முழுக்க மஞ்சள். போனைத் தூக்கிக் காட்டினாள். மரம் கொஞ்சம்தான் தெரிந்தது. கண்ணாடி ஜன்னலில் அவள் முகம்தான் அதிகம் தெரிந்தது. மெலிந்திருக்கிறாள்.

“சாப்பிடுதியாட்டி?”

“ஒரு வாய்க்கு ஒரு தோட்டா” என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

ஆறாம் பகுதி பார்த்தேன். பிறகு மூன்றாம் பகுதியில் அந்தக் காட்சியை மட்டும். கருவூல வாசலில் மழை பெய்கிறது. யாரோ கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் திரும்புகிறாள், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி நேராக நிற்கிறாள். கதைக்கு இது தேவையில்லை. யார் கூப்பிட்டது என்று தொடரில் சொல்லவும் இல்லை.

ரசிகர்கள் இதைக் கவனிக்கவில்லை. அதில் துப்பாக்கி அசையவில்லை.

நவம்பர் 12, புதன்

பாக்கியநாதன் வந்தார். வாசலிலேயே நின்று ஒரு உறையைக் கொடுத்தார். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்திருக்கிறார்.

“நெகட்டிவ்ல கீறல் இருக்கு. மூஞ்சில இல்ல. ஒக்காந்து பாரும். நான் நிக்கல.”

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நிற்காமல் போய்விட்டார். எப்போதும் இரண்டு டீ குடிக்கிற ஆள்.

உறையைப் பிரித்தேன்.

படத்தின் தரம் நன்றாக இருக்கிறது. போல்ட் வலப்பக்கம். சங்கிலி தெளிவாகத் தெரிகிறது. பத்திரிகையில் கறுப்பாக அப்பியிருந்த இடத்தில் கருவூலத்தின் பூட்டு இருக்கிறது. மச்சம் வலக் கன்னத்தில். கணக்குப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

நிற்கிற பெண் யாரோ மாதிரி இருந்தாள்.

எழுதியதை அடிக்க வேண்டாம். அப்படித்தான் இருந்தது. ஐந்து வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த முகம் இதுதான். சுவரில் இருந்ததைப் பார்த்தது அதைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

பிரதியை எடுத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் எங்கள் வீட்டுச் சுவர் ஆவுடை இருந்தாள். வலக்கை இடக்கையாகி, மச்சம் இடக் கன்னத்துக்கு வந்து. அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பீரோ. தலை வாரிக்கொண்டது இதன் முன்னால்தான். வெள்ளத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்தாலும் கண்ணாடி நன்றாக இருக்கிறது.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

திருத்தம் வெளியாவதற்கு முந்தின நாள் மாலை, ஆசிரியர் சொன்னதால் ஆயுதப்படை மைதானத்துக்குப் போனேன். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க. அவள் அணிவகுப்பு முடிந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அன்றைய பேப்பர். நாலாக மடித்து, அவள் படம் மேலே இருக்கும்படி.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். படம் திரும்பிவிட்டது, வருந்துகிறோம், நாளைக்குத் திருத்தம் வரும்.

“எதுக்கு சார் திருத்தம்?”

“தப்பா வந்திருச்சே.”

“எனக்குத் தப்பாத் தெரியலையே. நான் தெனமும் கண்ணாடில பாக்குத ஆவுடை இவதான். நீங்க எல்லாரும் பாக்குதவளத்தான் எனக்குத் தெரியாது.”

“இருந்தாலும் தப்பு தப்புதானே.”

“அப்ப போட்டுக்கிடுங்க. ஆனா இத நான் வச்சுக்கிடுவேன். திருத்தத்த நீங்க வச்சுக்கிடுங்க.”

சுவரில் இருப்பது அந்தப் பேப்பர்தான். நாலாக மடித்த கோடு இன்னும் தெரிகிறது. திருத்தம் என்னிடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வால்வு மாற்றியாகிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

காந்தி பேசியபோது நான் தயாராக இருந்தேன். சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பது போலச் சொன்னேன்.

“அம்மா வலக்கை. ஆதாரம் சுடலைமுத்து மாமா, பாக்கியநாதன் மாமாவோட நெகட்டிவ். சுவர்ல இருக்குத படம் அச்சுல திரும்பிப் போச்சு. மறுநாளே திருத்தம் போட்டோம்.”

எதிர்ப்பக்கத்தில் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது. நடைமேடையில் நின்று பேசியிருக்கிறாள்.

“மச்சம்?”

“வலது பக்கம்.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் பாத்தது யாருப்பா?”

சீட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“உங்கம்மா பாத்தவ” என்றேன்.

“என்ன?”

மைதானத்தைச் சொன்னேன். வேப்பமரம், நாலாக மடித்த பேப்பர், அவள் சொன்னது எல்லாம், அவள் சொன்னபடியே. சொல்லிக்கொண்டே இருக்கும்போது இரண்டு ரயில் வந்து போயிற்று. இவள் ஏறவில்லை.

“அப்பா.”

“சொல்லுட்டி.”

“அந்த மஸ்கட்ட வச்சுக்கிட்டு அம்மா எப்பவாச்சும் கண்ணாடி முன்னால நின்னிருப்பாங்களா?”

“காவலர் அறைல ஆளுயரக் கண்ணாடி உண்டு. உடுப்பு சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெளிய வரணும்.”

“அப்ப கண்ணாடியில காட்டுதேன்” என்றாள். குரல் மாறிவிட்டது. வேலையில் இருப்பவளின் குரல். “மூஞ்சி திரை முழுக்க வருதுல்லா, அத நேராக் காட்ட வேண்டாம். காவலுக்குப் போறதுக்கு முன்னால கண்ணாடியில பாக்குதாங்க. மஸ்கட் கண்ணாடியில இடது, வெளிய வந்தா வலது. ரெண்டும் சரி. வாசல்ல நிக்கும்போது முதுகுப் பக்கம் மட்டும் காட்டிருதேன். மூஞ்சி காட்ட வேண்டாம்.”

“டைரக்டர் ஒத்துக்கிடுவாரா?”

“தெரியாது. ஒரு கண்ணாடி புதுசா வரையணும். சட்டம், பாதரசம் போன இடம், எல்லாம். அது எங்க குழு வேலைதான். நானே வரஞ்சுருவேன்.”

“நம்ம பீரோக் கண்ணாடிய போட்டோ எடுத்து அனுப்பட்டா?”

“அனுப்புங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த நெகட்டிவ் படத்த அனுப்பாதீங்கப்பா” என்றாள்.

“ஏன்?”

“போன்ல வேண்டாம். நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

நவம்பர் 17, திங்கள்

ஏழாம் பகுதி. துப்பாக்கியே இல்லை. ஒரு கல்யாணம்.

பீரோக் கண்ணாடியை மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்பினேன். முதல் படத்தில் நான் விழுந்திருந்தேன். அதையும் வைத்துக்கொள்வதாகப் பதில் வந்தது.

நவம்பர் 19, புதன்

ரசிகர்கள் பக்கத்துக்கு மஸ்கட் பற்றி எழுதி அனுப்பினேன்: மரக்கட்டை, ஒற்றைத் தோட்டா, சங்கிலியின் பயன். சுடலைமுத்துவை ஆதாரமாகக் குறிப்பிட்டேன். மாலைக்குள் பிழை எண் மூன்றை எடுத்துவிட்டார்கள். ஓசாகாக்காரர் நன்றி சொல்லி, போல்ட்டைப் பற்றியும் தகவல் உண்டா என்று கேட்டிருந்தார்.

உண்டு. எழுதலாம். எழுதவில்லை. அது பிழையாகவே இருக்கட்டும்.

சுடலைமுத்துவிடம் போனில் சொன்னேன். “அப்ப ஒம்ம வாழ்க்கையில மொத தடவையா ஒரு தப்ப விட்டுக் குடுத்துட்டீரு” என்றார். “கிடங்குலேந்து உமக்கு ஒரு மெடல் தரணும்வே.”

நவம்பர் 20, வியாழன்

காந்தியிடமிருந்து ஒரு செய்தி: “டைரக்டர் பிழையத் திருத்துன்னா புதுக் காட்சி கேக்குதியேன்னு திட்டினாரு. அப்புறம் பீரோப் படத்த ரொம்ப நேரம் பாத்தாரு. யோசிக்கணுமாம்.”

நெகட்டிவ் பிரதியை உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வெள்ளம் ஏறாத உயரம். நானும் அதை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகப் பார்ப்பதாக ஏற்பாடு.

நிலுவையில் உள்ளவை:

கண்ணாடிக் காட்சிக்கு டைரக்டரின் ஒப்புதல். திங்கட்கிழமை தெரியும்.

பன்னிரண்டாம் பகுதி. டிசம்பர் 21, ஞாயிறு. இங்கே மறுநாள் காலை பார்க்கலாம்.

காந்தியின் விடுப்பு. கேட்டிருக்கிறாள். நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. கிடைத்தால் பொங்கலுக்கு முந்தின வாரம். ஆதாரம் அவள் ஒருத்திதான். இரண்டாவது ஆதாரம் கேட்கவில்லை.